வோல்ட்டா, பிரையஸா, பிஒய்டியா? பிளக்-இன் ஹைப்ரிட்டில் மூன்று வழிகள்

வீட்டில் சார்ஜ் ஏற்றி ஓட்டலாம், சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் தொடரலாம். பிளக்-இன் ஹைப்ரிட் என்றால் இவ்வளவுதான். ஆனால் அதற்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்ற கேள்விக்கு ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் நேர் எதிரான பதில்களைச் சொன்னார்கள்.

2010 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே வோல்ட்டில் இருந்தது 16 யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம் பிடிக்கும் பேட்டரி. அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கில் 56 கி.மீ. வரை மின்சாரத்திலேயே போகும். அதுவரை, கடுங்குளிர் நாட்களைத் தவிர, ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் ஓடாது. பெரும்பாலானோரின் அன்றாடப் பயணம் இதற்குள் முடிந்துவிடும் என்பதுதான் கணக்கு.

2012-ல் வந்த டொயோட்டாவின் பிரையஸ் பிளக்-இன்னில் வெறும் 4.4 யூனிட், சுமார் 18 கி.மீ. அதற்குள்ளும் காலைக் கொஞ்சம் அழுத்தினாலோ மணிக்கு 100 கி.மீ. தாண்டினாலோ எஞ்சின் சேர்ந்துகொள்ளும். மின்சாரத்தில் ஓட்டத்தான் பிளக் என்றால், இது அரைமனதோடு செய்த கார் என்றே சொல்வேன். ஆனால் நெடும்பயணத்தில் இதுதான் கெட்டி. சார்ஜ் தீர்ந்த பிறகும் லிட்டருக்குச் சுமார் 21 கி.மீ. கொடுத்தது, வோல்ட் 16-ஐக்கூடத் தொடவில்லை, அதற்கு உயர்ரக பெட்ரோல் வேறு வேண்டும். பிரையஸில் ஐந்து பேர் உட்காரலாம். வோல்ட்டில் நடுவில் நீளமாகப் பேட்டரி போனதால் நான்கு பேர்தான்.

விலை? வோல்ட் சுமார் 41,000 டாலர், பிரையஸ் 32,000. அமெரிக்க வரிச்சலுகை அப்போது பேட்டரி அளவைப் பொறுத்திருந்ததால் வோல்ட்டுக்கு 7,500, பிரையஸுக்கு 2,500. அதற்குப் பிறகும் வோல்ட்தான் விலை அதிகம். இரண்டாம் தலைமுறை வோல்ட் 85 கி.மீ. தொட்டும், 2019-ல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு இது பெரிய வருத்தம், ஏனென்றால் டொயோட்டா பிறகு போனதும் அதே பாதையில்தான்: 8.8 யூனிட், அப்புறம் 2023 மாடலில் 13.6 யூனிட், சுமார் 70 கி.மீ.

சீனாவின் பிஒய்டி இவர்களுக்கும் முந்தி, 2008 டிசம்பரிலேயே எஃப்3டிஎம் காரைக் கொண்டுவந்தது. அது விற்கவில்லை. 2021-ல் வந்த ‘டிஎம்-ஐ’ (DM-i) என்ற தொழில்நுட்பம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. பெரும்பாலான நேரம் மின்மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றும். எஞ்சினின் முக்கிய வேலை மின்சாரம் தயாரிப்பது. வோல்ட்டின் யோசனைக்கு நெருங்கிய உறவு இது. கூடவே விலை மலிவான இரும்பு பாஸ்பேட் பேட்டரி. 2024 பிப்ரவரியில் சின் பிளஸ் காரின் தொடக்க விலை 79,800 யுவான். பெட்ரோல் கார்களோடு நேருக்கு நேர் மோதும் விலை! ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கைகூடாதது இதுதான்.

சரி, இவற்றில் எதை வாங்கினாலும் சார்ஜ் போட்டால்தான் பலன். ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட தரவுப்படி, சாலையில் பிளக்-இன் ஹைப்ரிட்களின் கார்பன் வெளியீடு சோதனைக்கூட அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் போட்டு ஓட்டவில்லை என்பதே முக்கியக் காரணம். அதனால் என் தேர்வு இப்படி: வீட்டில் கார் நிற்கும் இடத்தில் பிளக் இருந்து, தினமும் 40, 50 கி.மீ. ஓட்டுபவருக்குப் பெரிய பேட்டரி. பிளக் வசதியே இல்லாதவர் பிளக் இல்லாத சாதாரண ஹைப்ரிட் வாங்கட்டும், பேட்டரிக்குக் கொடுக்கும் கூடுதல் பணமாவது மிஞ்சும்.