ஏபிசி ஜூஸா, வெள்ளரி ஜூஸா?

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. இருந்தும் ஆறு மாதம் தினமும் காலையில் அவருக்கு ஏபிசி ஜூஸ்தான். ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றும் நல்லவைதானே என்று நானேதான் அடித்து, வடிகட்டிக் கொடுத்தேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது.

150 கிராம் ஆப்பிளில் சுமார் 15 கிராம் சர்க்கரை. பாதி பீட்ரூட்டில் 4, ஒரு கேரட்டில் 3. ஆக 22 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன் சீனி. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், பழச்சாற்றில் இருக்கும் இனிப்பையும் நாம் அள்ளிப் போடும் சீனியோடுதான் சேர்க்கிறது. நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நல்லது என்கிறது. ஒரே டம்ளரில் அது கிட்டத்தட்ட தீர்ந்துவிடுகிறது! நார்ச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடும். இனிப்பு மட்டும் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும்.

மூன்றில் எதை நீக்குவது? பலரும் கேரட்டைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் 100 கிராம் கேரட்டில் சர்க்கரை 5 கிராம்கூட இல்லை. பீட்ரூட்டில் 7, ஆப்பிளில் 10. நீக்க வேண்டியது ஆப்பிளைத்தான். திராட்சை 16, மாதுளை 14 என்று போகிறது; சர்க்கரை உள்ளவர்கள் அவற்றை ஜூஸாக நினைக்கவே வேண்டாம்.

ஆப்பிளின் இடத்துக்கு வெள்ளரி, வெண்பூசணி இரண்டுமே பொருத்தம். நூற்றில் 95 பங்குக்கு மேல் தண்ணீர். வெள்ளரியில் சர்க்கரை 2 கிராமுக்கும் குறைவு. வெண்பூசணிக்கு ஒரு பச்சை வாடை உண்டு. மிளகும் உப்பும் எலுமிச்சையும் சேர்க்காமல் எங்கள் வீட்டில் யாருக்கும் இறங்கவில்லை. தினசரிக்கு என் ஓட்டு வெள்ளரிக்கே.

சுரைக்காயும் இதே வகைதான், ஆனால் பயந்து கையாள வேண்டியது. அரைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயை அப்படியே குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சு. வேகவைத்தாலும் போகாது, எலுமிச்சை பிழிந்தாலும் போகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழுவே இதை எச்சரித்திருக்கிறது. வெள்ளரி கசந்தாலும் இதே விதிதான்.

பாகற்காயின் கசப்பு வேறு, அது இயல்பானது. ஆனால் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அதிகமாக இறங்கிவிடலாம். டாக்டரிடம் கேட்காமல் தினமும் குடிக்காதீர்கள்.

புளிப்புக்குச் சாத்துக்குடியைவிட நெல்லிக்காய். இனிப்பு குறைவு, வைட்டமின் சி பல மடங்கு. அப்புறம், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பீட்ரூட்டும் பசலைக்கீரையும் வேண்டாம். இரண்டிலும் ஆக்சலேட் அதிகம்.

இப்போது அப்பாவுக்கு 200 கிராம் வெள்ளரி, ஒரு வட்டம் பீட்ரூட், இரண்டு நெல்லிக்காய், கொஞ்சம் இஞ்சி. வடிகட்டுவதில்லை. சர்க்கரை ஏழு எட்டு கிராமைத் தாண்டாது. முதல் வாரம் முகம் சுளித்தார். ஆப்பிளை நிறுத்தவில்லை, பதினொரு மணிக்குத் தோலோடு பாதி நறுக்கிக் கொடுத்தால் நிதானமாக மென்று சாப்பிடுகிறார்.