வெள்ளெழுத்துக் கண்ணாடி: ப்ரோக்ரசிவா, டி பைஃபோகலா?

தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடியாக, பவர் மேலிருந்து கீழே சிறுகச் சிறுக மாறும் ப்ரோக்ரசிவை எட்டு வருடம் போட்டுவிட்டு, போன தீபாவளிக்குப் பிறகு டி பைஃபோகலுக்கு மாறினேன். இதில் இரண்டே பவர்: மேலே தூரத்துக்கு, கீழே 'D' வடிவ ஜன்னலில் படிக்க, நடுவே ஒரு கோடு. "எல்லாரும் பைஃபோகல்லேர்ந்து ப்ரோக்ரசிவுக்கு வர்றாங்க, நீங்க திரும்பிப் போறீங்களே சார்" என்றார் கடைக்காரர். பைஃபோகல் பழசுதான், மறுக்கவில்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784இலேயே தன் இரட்டைக் கண்ணாடியைப் பற்றிக் கடிதத்தில் பெருமைப்பட்டிருக்கிறார். ப்ரோக்ரசிவ் 1959இல் பிரான்சில் வாரிலக்ஸ் என்ற பெயரில் வந்தது. அதில் கோடு தெரியாது, விலை பல மடங்கு. இதெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

நான் மாறியது லென்ஸின் ஓரத்துக்காக.

வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போகிறது. படிப்பதற்கு மேலதிகமாகத் தரும் 'ஆட்' பவரும் கூடிக்கொண்டே போகிறது. 44 வயதில் எனக்கு ஆட் 1.00, இப்போது 2.00. ப்ரோக்ரசிவில் இந்தப் பவர் மேலிருந்து கீழே சிறுகச் சிறுக ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு லென்ஸின் இரு பக்கமும் விலை கொடுத்தாக வேண்டும். மின்க்விட்ஸ் என்பவர் 1963இல் சொன்ன விதி இது: பவர் கீழ்நோக்கி ஏறும் வேகத்தைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் வேண்டாத சிலிண்டர், அதாவது உருவத்தை மங்கலாக்கி நெளிக்கும் பவர், சேரும். பவர் மேலிருந்து கீழே ஏறும் பாதை 14 மி.மீ. நீளம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை பவர் சிலிண்டருக்குள் அடங்கும் தெளிவான அகலம், ஆட் 1.00க்குச் சுமார் 7 மி.மீ. ஆட் 2.00 ஆனதும் அது 3.5 மி.மீ. "பழகிடும் சார்" என்பது 44இல் உண்மையாக இருந்ததும் 52இல் பலிக்காததும் இதனால்தான்.

கண்ணின் ஓரப் பார்வை இயல்பிலேயே கூர்மை குறைந்ததுதானே, அங்கே மங்கினால் என்ன? நேரே பார்க்கும்வரை ஒன்றுமில்லைதான். ஆனால் ஸ்கூட்டரின் சைடு மிரரை விழியை உருட்டித்தான் பார்க்கிறோம். அப்போது கண்ணின் நடுப்பார்வையே லென்ஸின் ஓரம் வழியாகப் போகிறது. பின்னால் வரும் பஸ் எனக்கு நெளிந்தது. தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்புறம் முன்னால் போகும் ஆட்டோவை யார் பார்ப்பது?

டி பைஃபோகலில் படிக்கும் பவர் கீழே 28 மி.மீ. அகல ஜன்னலுக்குள் அடங்கிவிடுகிறது. மிரர் அதற்கு வெளியே விழுகிறது, பஸ் பஸ்ஸாகத் தெரிகிறது. ஸ்பீடோமீட்டர்தான் இரண்டுங்கெட்டான். கோட்டைத் தாண்டும்போது எழுத்து துள்ளும், அதற்கு ஒரு வாரம் பிடித்தது. கம்ப்யூட்டருக்கு மட்டும் இது உதவாது. திரை இருக்கும் தூரத்துக்கு அதில் பவரே கிடையாது.

மாடிப்படியில் இரண்டும் ஒன்றுதான், காலடி மங்கும். வெளியே அதிகம் நடமாடும் முதியவர்களுக்குத் தூரத்துக்கென ஒரே பவர் கண்ணாடியைத் தனியாகக் கொடுத்தால் விழுவது குறைகிறது என்று 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அதிகம் வெளியே போகாதவர்களுக்கோ வெளியில் விழுவது கூடியது. என் அம்மாவுக்கு என்ன வாங்குவது என்று அதனால்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

விலை கூடிய அகலப் பாதை ப்ரோக்ரசிவை நான் போட்டுப் பார்த்ததில்லை. அவற்றிலும் ஓர மங்கலை இடம் மாற்றிப் பரப்பலாம், ஒழிக்க முடியாது. ஆட் 1.25க்குள் இருந்து, வண்டி ஓட்டாதவராகவும் இருந்தால் ப்ரோக்ரசிவையே வாங்குங்கள். என் பழையது ஆபீஸ் டிராயரில்தான் இருக்கிறது, எக்ஸெல் திறக்கும்போது எடுப்பேன்.