ரிவால்வரா, பிஸ்டலா? விரலின் வேலையும் தோட்டாவின் வேலையும்

வண்ணாரப்பேட்டையின் மொத்த ஜவுளி வியாபாரிகள், சவுகார்பேட்டை நகைக்கடைக்காரர்கள், பெரம்பூரில் குடியேறிய ஓய்வுபெற்ற ராணுவத்தினர் என வடசென்னையில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்போர் மிகச் சிலரே. ஆனால் வேப்பேரியிலுள்ள மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் மனு ஏற்கப்பட்டதும் அவர்கள் எல்லோர் முன்னும் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: ரிவால்வர் வாங்குவதா, பிஸ்டல் வாங்குவதா? "ரிவால்வர் மக்கர் பண்ணாதுண்ணே" என்பதே பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குவோர், தங்களுக்குப் பொருந்தாத ஒன்றை அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். உலகின் பெரும்பாலான காவல் துறைகளும் ராணுவங்களும் பிஸ்டலுக்கு மாறிவிட்ட பிறகும் சில சுடுநர்கள் ரிவால்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பழம்பொருள் மீதான பற்று மட்டுமே காரணம் அல்ல.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு தோற்றத்தில் இல்லை. அடுத்த தோட்டாவைச் சுடும் நிலைக்குக் கொண்டுவரும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வடிவத்தில், சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுக்கும்போதே, தோட்டாக்களுக்கான அறைகள் கொண்ட உருளையான சிலிண்டர் ஓர் அறை திரும்பிக் குழலுக்கு நேராக நின்று பூட்டிக்கொண்டது. பின்னர் வந்த இரட்டைச் செயல் ரிவால்வர்களில் சிலிண்டரைத் திருப்புவது, சுத்தியலை உயர்த்துவது, அதை விடுவிப்பது ஆகிய மூன்றையும் டிரிக்கரை இழுக்கும் ஒரே விரல் செய்து முடிக்கிறது. பிஸ்டலிலோ, வெடித்த தோட்டாவே துப்பாக்கியின் மேற்பகுதியில் முன்பின் நகரும் ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளிக் காலித் தோட்டாவை வெளியே வீசுகிறது. அப்போது அமுங்கிய ஸ்பிரிங் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும்போது, கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசினிலிருந்து புதிய தோட்டா குழலின் அறைக்குள் ஏறுகிறது. கசடு மண்டும் கருமருந்துக் காலத்தில் இப்படிப்பட்ட இயக்கம் நிலைத்து ஓடியிருக்காது. புகையற்ற வெடிமருந்து பரவிய பிறகுதான் 1893இன் போர்ச்சார்ட் பிஸ்டலும் அதைத் தொடர்ந்து அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் வடிவங்களும் வந்தன. தெருமுனை அடிபம்பில் ஒவ்வொரு குடத்துக்கும் நம் கைதான் உழைக்க வேண்டும். மோட்டாரில் சுவிட்சைத் தட்டினால் போதும், ஆனால் குழாயில் காற்று பிடித்துக்கொண்டால் தண்ணீர் நின்றுவிடும். ரிவால்வர் முதல் வகை, பிஸ்டல் இரண்டாம் வகை. மற்ற நிறை குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் வெடிக்காத தோட்டா. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் டிரிக்கரை மீண்டும் இழுத்தால் போதும். சிலிண்டர் திரும்பி அடுத்த தோட்டா வந்து நிற்கும், முந்தையது வெடித்ததா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. பிஸ்டலில் வெடிக்காத தோட்டா அறையிலேயே உட்கார்ந்துவிடும். இன்னொரு கையால் ஸ்லைடை இழுத்து அதை வெளியேற்றியாக வேண்டும். உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்குள் மட்டுமே தோட்டா வாங்க முடிகிற நம் ஊரில், வாங்கிய பெட்டியைப் பல ஆண்டுகள் அப்படியே வைத்திருப்பது பரவலான பழக்கம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோர வீடுகளில் புழுக்கமும் உப்புக்காற்றும் பட்டுக் கிடந்த பழைய தோட்டாக்களைச் சுடும்போது, ரிவால்வரின் இந்தக் குணம் வெறும் ஏட்டு வாதமாக இருப்பதில்லை.

ஆனால் இதே குணத்துக்கு மறுபக்கம் உண்டு. பயிற்சித் தளத்தில் தோட்டா வெடிக்காதபோது உடனே அடுத்ததை இழுப்பது தவறு. சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும் என்பதால், குழலை இலக்குப் பக்கமே நீட்டியபடி குறைந்தது 30 வினாடி காத்திருக்க வேண்டும் என்பது பரவலாகக் கற்பிக்கப்படும் ஒழுங்கு. அதைவிட அபாயமானது, மருந்து குறைந்த தோட்டா மெல்லிய ஓசையோடு வெடித்து, குண்டு குழலின் நடுவிலேயே சிக்கிக்கொள்வது. அந்த அளவு வலுவில்லாத வெடிப்பால் பிஸ்டலின் ஸ்லைடு பெரும்பாலும் முழுமையாக இயங்காது. இயந்திரம் தானாகவே நின்று எச்சரிக்கை தருகிறது. ரிவால்வருக்கு அந்தத் தடை கிடையாது. விரல் இழுத்தால் அடுத்த தோட்டா, அடைபட்ட குழலுக்குள்ளேயே வெடிக்கும். எந்தச் சார்பின்மை ரிவால்வரின் பெருமையாகப் பேசப்படுகிறதோ, அதே சார்பின்மைதான் இங்கே கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறது.

"மக்கர் பண்ணாது" என்ற பேச்சையும் இந்த இடத்தில் சரிபார்த்துவிடலாம். பிஸ்டலுக்குக் கோளாறு வரும் வாய்ப்புகள் அதிகம்: தளர்வான மணிக்கட்டால் ஸ்லைடு முழுத் தொலைவு போகாமல் நிற்பது, காலித் தோட்டா வெளியேறும் வாயிலில் சிக்குவது, மேகசினின் வாய் சற்றே வளைந்திருப்பது. நம் நாட்டில் உரிமத்துக்குக் கிடைக்கும் .32 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவுக்கு அடிப்பகுதியில் சிறு விளிம்பு உண்டு. மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மேகசினே பூட்டிக்கொள்ளும். இருப்பினும், மேகசின் பூட்டிக்கொள்ளும் சிக்கலைத் தவிர, பழகிய கைக்கு இவை பெரும்பாலும் சில வினாடிகளில் சரிசெய்யக்கூடிய கோளாறுகளே. ரிவால்வரில் கோளாறு அரிது. வந்தால் அப்போதைக்கு ஆட்டம் முடிந்தது. சுட்ட அதிர்வில் பக்கத்து அறையின் குண்டு உறையிலிருந்து முன்னே நகர்ந்து சிலிண்டரைச் சுழலவிடாமல் தடுக்கலாம். தோட்டாவின் அடியில் வெடிப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமர் பின்னே பிதுங்கி உராயலாம். காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துணுக்கு புகுந்தால் சிலிண்டர் மூடவே மறுக்கும். தேய்ந்த பற்களால் அறை குழலுக்கு நேராக வந்து நிற்காமல் போவது எல்லாவற்றிலும் மோசம்; அதற்குக் கைதேர்ந்த ஆயுதப் பழுதுபார்ப்பவர் வேண்டும்.

இலக்குச் சுடுநர்கள் ரிவால்வரை விரும்புவதற்கான காரணம் வேறு. சுத்தியலை முன்கூட்டியே பின்னிழுத்து நிறுத்திவிட்டால், டிரிக்கர் மிகக் குறைந்த நகர்வோடு, கண்ணாடி உடைவது போலச் சட்டென்று விடுபடும். அந்தத் துல்லியத்தை எல்லாச் சேவைப் பிஸ்டல்களிலும் எதிர்பார்க்க முடியாது. இரட்டைச் செயலில் நிலைமை நேர்மாறு: பல ரிவால்வர்களில் அதற்கு 4.5 முதல் 5.5 கிலோ வரை இழுவை வேண்டும், அந்த நீண்ட இழுவையில் குறி ஆடாமல் இருக்கப் பல மாதப் பழக்கம் தேவை. அதைக் கற்றவர்கள் பிறகு எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் நன்றாகவே சுடுகிறார்கள் என்று பல பயிற்சியாளர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன்.

தோட்டாவின் பக்கத்திலும் ரிவால்வருக்கு ஒரு விடுதலை இருக்கிறது. ஸ்லைடை இயக்கத் தேவையான வலு தோட்டாவுக்கு இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், மென்மையாக வெடிக்கும் தோட்டாக்களையும், முன்புறம் தட்டையாக வெட்டியது போன்ற வாட்கட்டர் குண்டுகளையும் அது தயக்கமின்றி ஏற்கும். காலித் தோட்டாக்கள் தரையெங்கும் சிதறாமல் சிலிண்டரிலேயே தங்குவது, அவற்றைக் கணக்கோடு சேர்த்து வைக்க வேண்டியவர்களுக்கு வசதி. மேகசின் கைப்பிடிக்குள் நுழைய வேண்டியதில்லை என்பதால் கைப்பிடியைக் கைக்கேற்பச் செதுக்கிக்கொள்ளவும் முடியும். சிறிய கைகள் உள்ளவர்களுக்கு இது பேருதவி. கைக்கு மேலே குழல் உயரமாக அமைந்திருப்பதால் சுட்டவுடன் வாய்ப்பகுதி அதிகம் துள்ளுவது இதற்கு ஈடாகக் கொடுக்கும் விலை.

இந்த வாதங்களுக்குச் சரியான உரைகல், சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிகளின்படி நடக்கும் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டி. 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரையிலான அளவுகள் அதில் அனுமதிக்கப்படுகின்றன. டிரிக்கர் இழுவை 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. மொத்தம் 60 தோட்டாக்களில் 30 நிதானச் சுற்றுக்கும் 30 விரைவுச் சுற்றுக்கும் உரியவை. விரைவுச் சுற்றில் இலக்கு 3 வினாடி தெரியும், 7 வினாடி மறையும். அந்த 7 வினாடியில் கையைத் தாழ்த்திச் சுத்தியலைப் பின்னிழுத்துக்கொள்ள ரிவால்வர்காரருக்கு நேரம் கிடைத்துவிடுகிறது. பிரெஞ்சு மானுரின் நிறுவனம் .32 எஸ் அண்டு டபிள்யூ லாங் என்ற ரிவால்வர் தோட்டாவுக்கென்றே எம்.ஆர்.32 என்ற போட்டி ரிவால்வரைச் செய்தது இத்தகைய சுடுநர்களை நம்பித்தான். இன்றைய முன்னணி வீரர்களோ பெரும்பாலும் அதே .32 வாட்கட்டரைச் சுடும் பார்டினி, வால்தர் பிஸ்டல்களுக்குப் போய்விட்டார்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகளோடு தங்கம் வென்ற போட்டி இதுவே. 10 வினாடிக்குள் 5 தோட்டாக்களைச் சுட வேண்டிய ஸ்டாண்டர்டு பிஸ்டல் போட்டியில் அந்த இடைவெளி இல்லை என்பதால் அங்கே ரிவால்வரைப் பற்றிப் பேசுவதே வீண்.

தோட்டா எண்ணிக்கையிலும் மறுநிரப்பும் வேகத்திலும் பிஸ்டல் வெல்கிறது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் முகவர்கள் இருவர் இறந்தனர். பெரும்பாலோரிடம் இருந்தவை ரிவால்வர்கள், கையில் காயம்பட்டவர் அதைத் திரும்ப நிரப்ப முடியாமல் போனார். அதன்பின் அமெரிக்கக் காவல் துறைகள் பிஸ்டலை நோக்கி விரைந்தன. ஆனால் அது பலர் ஒரே நேரத்தில் மோதிய சண்டை. சவுகார்பேட்டைக் கடையின் பணப்பெட்டிக்கு அருகில் இருப்பவருடைய தேவையை அந்தச் சம்பவத்தைக் கொண்டு அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டில் வைத்திருப்போருக்கு நான் முதலிடம் கொடுப்பது வேறொன்றுக்கு. சிலிண்டரைத் திறந்தால் ஆறு அறைகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. காலியா, நிரம்பியதா என்ற ஐயத்துக்கு இடமில்லை. பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம்; பல வகைகளில் அப்போதும் அது வெடிக்கும். கவனக்குறைவான வெடிப்புகளில் பழக்கப்பட்ட கதை இதுதான். 2016 ஆயுத விதிகள் உரிமம் கேட்போருக்குப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே கையில் எடுப்பவரின் நினைவு எவ்வளவு நிற்கும் என்பது வேறு விஷயம்.

வயதானவர்கள் ஸ்லைடை இழுக்க முடியாமல் தவிப்பதும் ரிவால்வருக்குச் சாதகமாகச் சொல்லப்படும் காரணம். இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: .32 ஏசிபி பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஸ்லைடின் எடையையும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தையும் மட்டுமே நம்பி இயங்குவதால், அவற்றின் ஸ்பிரிங் சில பெரிய 9 மி.மீ. பிஸ்டல்களைவிடக் கடினமாக இருக்கும். ஆயினும் மூட்டுவலியுள்ள விரலுக்கு 5 கிலோ இரட்டைச் செயல் இழுவையும் எளிதல்ல; வாங்குவதற்கு முன் காலித் துப்பாக்கியைக் கடையில் கையில் பிடித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

நம் நாட்டுக் கடைகளில் தேர்வு மேலும் குறுகுகிறது. 9 மி.மீ. பிஸ்டலும் .38 ரிவால்வரும் தடைசெய்யப்பட்ட அளவுகள். சாதாரண உரிமத்துக்கு நடைமுறையில் .32தான். அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர், 2014இல் கான்பூரிலிருந்து பெண்களுக்கென விளம்பரப்படுத்தப்பட்டு ஏறத்தாழ 500 கிராம் எடையில் வந்த நிர்பீக், 2023இல் பக்கவாட்டில் திறக்கும் சிலிண்டரோடு வந்த பிரபல் ஆகியவை ஒருபுறம், அஷானி .32 பிஸ்டல் மறுபுறம். இரண்டுக்கும் .32 என்ற பெயர் பொதுவானாலும் தோட்டாக்கள் வேறு: ரிவால்வருக்கு 1896இல் வந்த எஸ் அண்டு டபிள்யூ லாங், சுமார் 6.3 கிராம் குண்டு, மெதுவான வேகம். பிஸ்டலுக்கு 1899இன் ஏசிபி, சுமார் 4.6 கிராம் குண்டு, கூடுதல் வேகம். வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே "எது பலமாக அடிக்கும்" என்ற கேள்விக்கு இங்கே பொருளில்லை. 2019 திருத்தச் சட்டம் ஒருவருக்கு 2 துப்பாக்கிகள் மட்டுமே என்று குறைத்த பிறகு, ஒன்று இது, ஒன்று அது என்று வாங்க நினைப்போர், இருவகைத் தோட்டாக்களுக்கும் தனித்தனியே ஒதுக்கீடு கேட்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மேகசினில் தோட்டாவை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. நல்ல ஸ்பிரிங் அமுங்கிக் கிடப்பதைவிட, திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதில்தான் தேய்கிறது. திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் உண்மையான எதிரி துரு. தோலுறையில் போட்டே வைத்திருந்தால் தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எஃகை அரிக்கும். அது ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ஒன்றுதான். வேறுபாடு, துருவைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, வாரக்கணக்கில் கழித்துத் திரும்பப் பெறுகிறார்கள். வந்த ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்து காலி என்று உறுதிசெய்து, குழலை வெளிச்சத்தில் பார்த்து, சிலிண்டரின் அச்சிலும் தள்ளுகோலிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பகுதி முடிந்தது. பிஸ்டலில் மேகசினை எடுத்து, அறை காலி என்று உறுதிசெய்து, ஸ்லைடைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் தோட்டாவைப் பற்றியிழுக்கும் கொக்கியையும் துடைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். அந்த வேலையைத் தானே செய்யத் தயாராக இருப்பவருக்கு நான் தயங்காமல் பிஸ்டலைச் சொல்வேன். கடைக்காரரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்று நினைப்பவருக்கு ரிவால்வரே போதும்.