பித்தளைக்கு மேக்ரோ லென்ஸ், கொட்டானுக்கு டியூப்

காரைக்குடி வீட்டில் புழங்கும் பாக்குவெட்டி, அஞ்சறைப்பெட்டி, குத்துவிளக்கு, எனாமல் தூக்கு ஆகியவற்றை மிக நெருங்கிப் படமெடுப்பது என் பழக்கம். முதலில் 50 மி.மீ. லென்ஸோடு, அதற்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக் குழாய் வைத்திருந்தேன். இப்போது நெருங்கி எடுப்பதற்கென்றே செய்த 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ். எது வாங்கலாம் என்று கேட்டால், பணம் இருப்பவர் யோசிக்காமல் இரண்டாவதை வாங்கலாம் என்பேன்.

டியூப் மலிவு, அதில் வாதமே இல்லை. உள்ளே கண்ணாடி கிடையாது, பூஞ்சை பிடிக்காது. லென்ஸை, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து தள்ளி நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. டியூப் போட்டால் ஏலக்காய் சென்சாரில் ஏலக்காய் அளவிலேயே விழும். லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் மின்முனை உள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாது.

என்னை மாற்றியது இடைவெளி. அந்த அளவில் எடுக்கும்போது டியூப் வழியில் லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே மூன்று நான்கு விரற்கடைதான் மிஞ்சும். மேக்ரோ லென்ஸில் அரைச் சாணுக்கு மேல் கிடைக்கிறது. பனையோலைக் கொட்டானுக்கும் கண்டாங்கிச் சேலைக்கும் இது பெரிய விஷயமில்லை. புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கின் குமிழுக்கு முன்னால் கேமராவை வைத்துப் பாருங்கள்: குமிழின் நட்டநடுவில் லென்ஸ் கறுப்பு வட்டமாக உட்கார்ந்திருக்கும். விலகினால் அந்த வட்டம் சிறுத்துவிடும். போதாக்குறைக்கு, வளவின், அதாவது வீட்டு நடுமுற்றத்தின், மேல்திறப்பிலிருந்து இறங்கும் வெளிச்சத்தை நம்பித்தான் எடுக்கிறோம். மூக்கு முட்ட நெருங்கினால் அதையும் லென்ஸே மறைத்துவிடும். இடைவெளி இருந்தால் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தைத் திருப்பலாம். எங்கள் தூக்கின் நீல விளிம்பில் எனாமல் உதிர்ந்த இடம், அதன் கறுப்பு இரும்பு, ஓரத்தில் கசிந்த துரு, வெள்ளைப் பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல் எல்லாம் அப்படித்தான் ஒரே படத்தில் வந்தன.

மற்றபடி இரண்டும் ஒரே தொல்லை. அந்த நெருக்கத்தில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும், அதாவது கால் பங்குதான் மிஞ்சும். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் அபெர்ச்சரைச் சுருக்கி எஃப்/8 வைத்தாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். டிரைபாட் கட்டாயம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அதன் கால் வழுக்கும், அடியில் சாக்குத் துண்டு போடுங்கள்.

லென்ஸின் முன்னால் திருகும் உருப்பெருக்கிக் கண்ணாடியான குளோஸ்-அப் ஃபில்டர் சுலபம். மலிவானவற்றில் ஓரம் மங்கும், நிறம் பிரியும். பல கைப்பேசிகளின் மேக்ரோவும் இரண்டு மூன்று செ.மீ. வரை நெருங்கச் சொல்லி, பித்தளையில் தன்னையே படமெடுக்கும். மறுவிற்பனையில் மேக்ரோ லென்ஸுக்கு மதிப்பு நிற்கும் என்கிறார்கள். நான் விற்றுப் பார்த்ததில்லை. பூச்சி எடுப்பவர்களுக்கும் என் பேச்சு பொருந்துமா என்று சொல்ல மாட்டேன், என் பொருட்கள் எதுவும் பறந்துபோவதில்லை.

டியூபைத் தூக்கிப் போடவில்லை. மேக்ரோ லென்ஸுக்குப் பின்னால் மாட்டிக் கண்டாங்கியின் ஒற்றை இழையை எடுக்கிறேன். ஓலையும் துணியும் மட்டுமே எடுப்பவருக்கு அந்த டியூப் ஒன்றே போதும்.