ஸ்கைரிமா, கிங்டம் கம்: டெலிவரன்ஸா?

இடைக்கால வாழ்க்கையை விளையாட இந்த இரண்டு வீடியோ கேம்களில் எதை வாங்கலாம் என்று குழம்புகிறவர்களுக்கு:

சாப்பாடு: ஸ்கைரிமில் (2011) டிராகன் நெருப்பைக் கக்கும்போதே மெனுவைத் திறந்து, வண்டிச்சக்கரம் போன்ற சீஸ்களை வரிசையாக விழுங்கலாம். உயிர் ஏறும்! சாதாரண ஆட்டத்தில் பசியே இல்லை. டெலிவரன்ஸில் (2018) பசிக்கும். பையிலுள்ள இறைச்சி கெட்டுப்போகும்.

படிப்பு: ஸ்கைரிமில் எந்தப் புத்தகத்தையும் எடுத்தவுடன் வாசிக்கலாம். டெலிவரன்ஸ் நடப்பது 1403-இல், பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி). நாம் ஆடும் நாயகன், கொல்லன் மகன் ஹென்றிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். எழுத்தரிடம் போய்க் கற்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குளியல்: ஸ்கைரிமில் தேவையில்லை. டெலிவரன்ஸில் அழுக்கோடு போனால் பேச்சு எடுபடாது.

வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஊர் சுற்ற ஸ்கைரிம். பொறுமை இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு டெலிவரன்ஸ் வாங்குங்கள்.