85,000 ரூபா கட்டினேன், போன் எடுக்க ஆளில்லை

ஸ்கூல் நர்ஸ் வேலைக்குப் போகப்போகிற தங்கச்சிமார் யாராவது இருந்தால் இதைக் கட்டாயம் வாசியுங்கள். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிறு எரிகிறது. ஸ்கூல் நர்ஸ் பயிற்சி, மென்டர் (வழிகாட்டி) என்று ஒரு நிலையத்தில் கட்டிப் போனது 85,000 ரூபா.

நான் தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, வார்ட்டில் இரண்டு வருடம் நின்றவள். அப்புறம் ஒரு தனியார் பாடசாலையின் சிக் ரூமுக்கு, அதாவது சுகமில்லாத பிள்ளைகளைப் பார்க்கிற அறைக்கு, ஆள் கேட்டார்கள், கிடைத்தது. நாங்கள் படித்த தோட்டப் பாடசாலையில் நர்ஸ் என்று ஒருவரைப் பார்த்ததே இல்லை. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸிலிருந்து டொக்டரும் பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார்கள், பிள்ளைகளைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அதனால் இந்த வேலை எப்படி என்று கேட்க எனக்கு முன்னால் போன ஒரு ஆள் ஊரிலேயே இல்லை. வார்ட்டில் என்ன தடுமாற்றம் வந்தாலும் சிஸ்டரைக் கூப்பிடலாம். சிக் ரூமில் நானும் ஒரு கட்டிலும் ஒரு மருந்து அலுமாரியும்தான். அந்தப் பயத்தைத்தான் அந்த நிலையத்துக்காரர்கள் காசாக்கினார்கள்.

பேஸ்புக்கில் விளம்பரம். புதிய பாடசாலைத் தாதியருக்கு ஆறு வார ஒரியன்டேஷன், அப்புறம் ஒரு தவணை முழுக்க அனுபவமுள்ள ஒரு மூத்த நர்ஸ் மென்டராக இருப்பாராம். எந்த நேரமும் கோல் எடுக்கலாமாம். மஞ்சள் ஸ்கூல் பஸ் ஒன்றின் முன்னால் ஒரு நர்ஸ் சிரிக்கிற படம். நம் ரோட்டில் அப்படி ஒரு பஸ் ஓடுகிறதா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நேரில் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு போன் கடைக்கு மேல்மாடி. அங்கே இருந்த மிஸ், தோட்டத்தில் எந்த டிவிஷன், அப்பா என்ன வேலை என்றெல்லாம் விசாரித்தார். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வந்தது. "நானும் லயத்துல பொறந்தவதான் தங்கச்சி. முதல் நாள் தனியா நிக்கும்போது கை நடுங்கும். அப்ப ஒரு கோல் எடுங்க, நான் இருக்கேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாளே அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 85,000 ரூபாவையும் கட்டினேன். பேங்க் ஸ்லிப்பில் நிறுவனத்தின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். கேட்டதற்கு, "கம்பனி எக்கவுன்ட் இன்னும் ஓப்பன் ஆகல்ல" என்றார். சரி என்றேன். சரி என்ற வாயை இப்போது நானே அடிக்க வேண்டும்.

ஆறு வாரம் என்றது இரண்டு சூம் வகுப்பானது. கூடவே ஒரு கட்டு போட்டோ கொப்பி. ஒரு பக்கத்தில், அவசரம் என்றால் 911ஐ அழைக்கவும் என்று இருக்கிறது. அது அமெரிக்க நம்பர். இங்கே அம்புலன்சுக்கு 1990 சுவசெரிய என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்! இன்னொரு பக்கத்தில் 504 திட்டம் என்று வந்தது. என்ன மிஸ் அது என்று கேட்டேன். "அது ஒரு ஃபோம் நம்பர்" என்றார். பிறகு தேடிப் பார்த்தால், அது உடற்குறை உள்ள பிள்ளைகளுக்காக அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் பிரிவு. அப்படியே இறக்கி அச்சடித்திருக்கிறார்கள். நம் நாட்டில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, தரம் 6 பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசி, இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எல்லாம் எங்கள் பகுதி பி.எச்.ஐ. வந்து சொல்லித்தான் தெரியும். அவர் ஒரு சதம் கேட்கவில்லை.

வேலைக்குப் போய் மூன்றாம் நாள். வெளியே ஒரே பனி. தரம் 4 பையன் ஒருவனைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்தார்கள். மூச்சு விசில் அடிக்கிறது, இரண்டு சொல் சேர்த்துப் பேச முடியவில்லை. பையில் இன்ஹேலர் இருக்கிறது, அழுத்தினால் காற்றுக்கூட வரவில்லை. அலுமாரியில் வேறொன்று இருந்தது. ஆனால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் கொடுக்கலாமா? யாரிடம் கேட்பது? மென்டர் மிஸ்ஸுக்கு எடுத்தேன். நான்கு தரம். அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு அதிபரிடம் ஆளை ஓடவிட்டு, 1990க்கு எடுக்கச் சொல்லிவிட்டு, பையனை நிமிர்த்தி உட்காரவைத்து இன்ஹேலரில் மாட்டுகிற குழாயான ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாகக் கொடுத்தேன். அவன் தேறிவிட்டான். நான் அன்று இரவு தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கூத்து. "மிஸ் மீட்டிங்ல." "மிஸ் கொழும்புக்குப் போயிட்டாங்க." "உங்க பெட்ச் முடிஞ்சிருச்சே." வட்சப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனேன். கவுன்டரில் இருந்த பையன் தலையை நிமிர்த்தாமலே, "ஃபோம்ல கையெழுத்து வச்சிருக்கீங்க, காசு திருப்பித் தர ஏலாது. சேட்டிபிகேட் வேணுமா, வேணாமா?" என்கிறான். அதே மாடி, அதே நாற்காலி. இந்த முறை தேத்தண்ணி வரவில்லை. நேற்று என் நம்பரையும் ப்ளொக் பண்ணிவிட்டார்கள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம். 2024இல் நிர்ணயித்த ஒரு பேர் 1,350 ரூபா கணக்கில், அம்மா 63 பேர் போட்டால்தான் 85,000 ரூபா வரும். அதுவும் ஒரு சதம் பிடிக்காமல் இருந்தால். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

சரி, சொல்வதாகச் சொன்னவை. தனி ஆளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மென்டர் யார், எங்கே வேலை செய்தவர் என்று கேட்டு, ஒரு நாள் சும்மா அவருக்குப் போன் எடுத்துப் பாருங்கள். ஸ்லிப்பை எறியாதீர்கள். நான் 1977க்கு, நுகர்வோர் அதிகார சபைக்கு, முறைப்பாடு கொடுக்கப்போகிறேன். இன்னும் எழுத இருந்தது, இப்போது எதுவும் ஞாபகம் வரவில்லை.

அந்த விளம்பரம் இன்று காலையும் என் போனில் வந்தது. அதே மஞ்சள் பஸ். விலை மட்டும் 95,000 ஆகியிருக்கிறது.