649 ரூவா க்ளீனிங் கிட்: லென்ஸ் மட்டும்தான் உருப்படி

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவுல இருக்க எங்க மாமா தோப்புல, அத்தான் கொண்டாந்த மெட்டல் டிடெக்டர வச்சிக்கிட்டு ரெண்டு நாளா சுத்துனோம். ஆணி, சோடா மூடி, ஒடஞ்ச அருவா, அப்புறம் ஒரு சாண் ஆழத்துல பச்சக் களிம்பு புடிச்சு வட்டமா ரெண்டு. சங்கு தெரிஞ்சதும் திருவிதாங்கூர் காசுன்னு துள்ளிட்டோம், அந்தக் காசுலயும் சங்குதானே. திருப்பிப் பாத்தா பின்னாடி காது. அட, யூனிஃபார்ம் பட்டன்! (காசு கீசு கெடச்சா, பத்து ரூவாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குச் சொல்லணும், 1878லயே சட்டம் போட்டாச்சு, சொந்தத் தோப்புன்னாலும் அதேதான்.)

சரி க்ளீன் பண்ணுவோம்னு ஆன்லைன்ல இந்த கிட்ட வாங்குனேன். ஒரு பாட்டில் லிக்விட், பித்தள கம்பி பிரஷ், துணி, மடக்கு லென்ஸ். "பழைய உலோகத்துக்கு பாதுகாப்பானது"ன்னு பெருசா போட்டிருந்தான். மூடியத் தொறந்ததுமே எலுமிச்ச வாசம், அப்பவே சுதாரிச்சிருக்கணும். ஒரு பட்டன பத்தே நிமிஷம் ஊறப் போட்டேன், பச்ச போச்சு, கூடவே சங்கோட வரியில லேசா மினுங்கிட்டிருந்த தங்க முலாமும் போச்சு, மிச்சம் பித்தள ரோஸ் கலர்ல திட்டுத்திட்டா நிக்குது. புளிப்பு பித்தளைல இருக்க துத்தநாகத்தத் தின்னுட்டு செம்ப மட்டும் விட்டு வைக்கும், அதான் அந்த நெறம். சவம், நம்ம வீட்டுக் குத்துவெளக்க புளி போட்டுத் தேய்க்கலாம், இதத் தேய்க்கக் கூடாது.

இன்னொண்ண கிட் பக்கமே காட்டல. டிஸ்டில்டு வாட்டர்ல ராத்திரி பூரா போட்டு, காலைல பல் குத்துற குச்சிய நனச்சு மண்ண மட்டும் மெதுவா நோண்டி எடுத்தேன், பச்சயத் தொடல. ஒரு மணி நேரம் ஆச்சு, கழுத்து வலி, ஆனா முலாம் அப்படியே இருக்கு.

லென்ஸ் மட்டும் சும்மா சொல்லக் கூடாது, நல்ல தெளிவு. பட்டன்ல முன்பக்கத்த விட பின்பக்கம்தான் முக்கியம், காதச் சுத்தி செஞ்ச கம்பெனி பேரு, ஊரு அடிச்சிருப்பான். சங்க மட்டும் பாத்து வருஷம் சொல்ல முடியாது, இன்னைக்கு கேரளா அரசு முத்திரைலயும் சங்கு இருக்கே. எங்க ஊரே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கந்தான். என்னோடதுல லென்ஸ் வச்சதும் "லண்டன்"னு தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடி இருக்க பேருல பாதி அழிஞ்சிருக்கு. ஊறப் போட்டதுல ஒரு எழுத்து கூட மிஞ்சல.

ரிட்டர்ன் போட்டேன், தொறந்த பாட்டில எடுக்க மாட்டாங்களாம்.